மரத்தைத் திட்டாதீர்கள், பசையைக் கேளுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் போதும், "தம்பி, சிங்க்குக்குக் கீழே கதவு மூடமாட்டேங்குது" என்று போன் வர ஆரம்பித்துவிடும். போன வாரம் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீடு. குடிவந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, சமையலறை அடிப்பலகையின் ஓரம் விரல் பட்டாலே புட்டு மாதிரி உதிர்கிறது, கீலைத் தொட்டால் திருகோடு கையில் வருகிறது. வீட்டுக்காரர் கண்டுபிடித்த காரணம், "எல்லாம் தைல மரம் தம்பி, நாலு வருஷத்துல வெட்டுற மரம் வேற எப்படி இருக்கும்?"

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 1996-ல் காட்டு மரம் வெட்ட உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு போட்ட பிறகு, மெல்லிய மரத் தகடுகளை அடுக்கிப் பசையால் ஒட்டுகிற பிளைவுட் தொழில் பெரும்பாலும் வயலிலும் தோட்டத்திலும் வளர்கிற மரங்களை நம்பித்தான் ஓடுகிறது. கேரளத்துப் பெரும்பாவூரில் ரப்பர், ஹரியானாவின் யமுனாநகரில் பாப்லர் மரமும் தைலமும், நம் பக்கம் மலைவேம்பு. ஒரே தைல மரத் தகட்டை யூரியா பசையில் ஒட்டினால் அது எம்ஆர் பலகை, காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரில் ஊறினால் தாங்காது. அதே தகட்டை ஃபீனால் பசையில் ஒழுங்காக ஒட்டினால் கொதிக்கிற தண்ணீரிலும் பிரியாது. தேக்குத் தகட்டையே யூரியா பசையில் ஒட்டிக் கொதிக்க வைத்துப் பாருங்கள், அதுவும் பிரிந்துதான் வரும். சீக்கிரம் வளர்ந்த மரம் லேசாக இருக்கும், திருகுப் பிடிப்பு கொஞ்சம் குறையும், மருந்தேற்றாவிட்டால் பூச்சி துளைக்கும், இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் இருந்தது பிளைவுட்டே இல்லை, மரத்தூளையும் சிம்பையும் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. குழாய்க்குப் போட்ட ஓட்டையின் ஓரத்தை யாரும் அடைக்கவில்லை, தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

பார்ட்டிகிள் போர்டு, மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் எல்லாம் படுக்கையறை அலமாரிக்குப் போடுங்கள், நல்ல பலகைதான். சிங்க்குக்குக் கீழே மட்டும் வேண்டாம். அங்கே ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பிளைவுட் வாங்குங்கள், அந்தத் தரத்துக்கு 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனை உண்டு. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாட்டர்ப்ரூஃப் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சந்தேகமா, ஒரு துண்டு வாங்கிப் பழைய பாத்திரத்தில் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, அரை நாள் கொதிக்க வையுங்கள். எம்ஆர் பலகை என்றால் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும்.

அப்புறம் சுவர். ஆற்றங்கரை ஊரில் அடிச்சுவர் ஓதம் காப்பது புதிதில்லை. பூச்சு காயாத சுவரில் கிரகப்பிரவேச அவசரத்துக்காக அலமாரியை ஒட்டி அடிக்கச் சொல்லாதீர்கள். ஆசாரி மறுத்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். பின்பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டு, பலகை தரையைத் தொடாமல் பிவிசி காலில் நிற்கட்டும். வெட்டிய ஒவ்வொரு ஓரத்துக்கும் எட்ஜ் பேண்ட் என்கிற ஓரப் பட்டை, ஒவ்வொரு ஓட்டைக்கும் சிலிக்கான்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். வேலை முடிந்து மிஞ்சும் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் வைக்காதீர்கள். அதில் இருப்பது வெறும் விறகு இல்லை, பசையும் மேல்தாளும் சேர்ந்து எரியும், அந்தப் புகை குழந்தைகளுக்கு ஆகாது. என்னிடம் சொல்லுங்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறேன்.