சீலிங்குக்கு மேலே நெட்வொர்க் ஸ்விட்சை ஒளித்து வைக்காதீர்கள்

மறுபடியும் அதேதான். நியூ ஜெர்சியில் ஓர் அலுவலகம், வைஃபை விட்டுவிட்டு வருகிறது என்று கூப்பிட்டார்கள். சீலிங் டைலைத் தூக்கினால், சின்ன பிளாஸ்டிக் நெட்வொர்க் ஸ்விட்ச் (டேட்டா கேபிள்களை இணைக்கும் பெட்டி) ஒன்று கேபிள் குவியல்மேல் கிடக்கிறது. அதன் அடாப்டர் எக்ஸ்டென்ஷன் கார்டில் சொருகியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது.

அந்த இடைவெளி பரண் அல்ல. அறைக் காற்று அதன் வழியாகத்தான் ஏசிக்குத் திரும்புகிறது, பிளீனம் என்பார்கள். அங்கே கிளம்பும் புகை எங்கெல்லாம் போகும் என்று விளக்கத் தேவையில்லை. 1980இல் லாஸ் வேகாஸ் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தீ பிடித்தது கீழே. இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல்மாடிகளில், புகையில் மூச்சுத்திணறி.

இதைச் சொன்னதும், "யூஎல் முத்திரை இருக்கிறதே!" என்கிறார்கள். யூஎல் என்பது பொருள்களின் பாதுகாப்பைச் சோதித்து முத்திரை தரும் அமெரிக்க நிறுவனம். எத்தனை தடவை கேட்பது? அடாப்டரில் இருக்கும் அந்த முத்திரை, ஷாக் அடிக்காது, தானாகத் தீப்பிடிக்காது என்பதற்கானது. நான் கேட்பது வேறு: எங்கோ பிடித்த தீயில் இந்தப் பெட்டி மாட்டினால் எவ்வளவு புகை கக்கும்? அதற்குத் தனிச் சோதனை, யூஎல் 2043. பொருளை எரித்தே பார்ப்பார்கள். வெப்பம் உச்சத்தில் 100 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது; புகையின் அடர்த்தி, அதாவது வெளிச்சத்தை மறைக்கும் அளவு, உச்சத்தில் 0.50, சராசரி 0.15 தாண்டக்கூடாது. முதல் முத்திரை இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று அர்த்தமே இல்லை. ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) தேறியிருக்கும், கூட வாங்கிய பவர் இன்ஜெக்டர் (டேட்டா கேபிள் வழியே அதற்குக் கரண்ட் அனுப்பும் பெட்டி) தேறியிருக்காது. டேட்டாஷீட்டைப் படியுங்கள்.

கேபிளிலும் இதே கதை. உறையில் சிஎம்பி என்று அச்சிட்டிருக்க வேண்டும், பிளீனத்துக்கான கேபிள் என்று அர்த்தம். சிஎம்ஆர் மாடிக்கு மாடி ஏறும் கேபிள், பிளீனத்துக்கு ஆகாது. 'புகை குறைவு' வகை என்றாலும் சிஎம்பி இல்லையென்றால் வேண்டாம். கேபிளைக் கட்டும் டைகூட பிளீனத்துக்கானதாக இருக்கட்டும்.

ஏசிக்குத் திரும்பும் காற்று டக்டில் (காற்றுக் குழாயில்) போகிறதா, சீலிங் இடைவெளியிலா என்று ஏசி ஆட்களைக் கேளுங்கள். தெரியவில்லையா, பிளீனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் ரேக்கிலேயே இருக்கட்டும். மேலே டேட்டா கேபிள் மட்டும் போகட்டும், கரண்டும் அதிலேயே போய்விடும். எக்ஸ்டென்ஷன் கார்டு சீலிங்குக்கு மேலே கூடவே கூடாது, அமெரிக்க மின்விதியிலேயே தடை. ஆக்சஸ் பாயின்ட்டை டைலுக்குக் கீழே மாட்டுங்கள், சிக்னலும் அங்கேதான் நன்றாக வரும்.

அப்புறம் கட்டிட உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகைக்கு இருந்தவர்கள் விட்டுப்போன பழைய கேபிள்கள் மேலேயே கிடக்கின்றன. எரிந்தால் அவையும் புகைதான். எட்டும் தூரத்தில் இருப்பதை எடுத்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. காலி செய்பவர்களே உருவிக்கொண்டு போகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.