'காம்பேட்டிபிள்' என்று போட்டிருந்தால் எல்லா மருந்தையும் ஒரே டேங்கில் கலக்கலாமா?

பூச்சிக்கு ஒன்று, இலைப்புள்ளிக்கு ஒன்று, பூ உதிராமலிருக்க ஒரு டானிக் என்று மூன்று பாட்டில் கைக்கு வந்தால், மூன்றையும் சேர்த்து ஒரே நடையில் அடித்துவிடத்தான் தோன்றும். மருந்தடிக்க ஆள் கிடைக்காத நாளில் அந்த எண்ணம் நியாயமானதுதான். பாட்டிலோடு வரும் தாளில் 'காம்பேட்டிபிள்' என்ற சொல்லும் இருந்துவிட்டால் தயக்கம் போய்விடுகிறது.

அந்தச் சொல் சொல்வது ஒன்றுதான்: சேர்த்தால் ஒன்றையொன்று கெடுக்காது. சேர்த்தால் வீரியம் கூடும் என்று அது சொல்லவில்லை. எதனோடு சேரும் என்பதையும் அடுத்த வரியில் படிக்க வேண்டும். 'காரத்தன்மை உள்ளவை நீங்கலாக' என்று பல தாள்களில் இருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை, சுண்ணாம்பு கந்தகக் கலவை இரண்டும் காரமானவை. அவற்றோடு வேறெதையும் சேர்க்காமல் தனியாகவே அடியுங்கள்.

மற்றவற்றை முதலில் ஒரு பாட்டிலில் சிறிய அளவில் கலந்து சோதியுங்கள். அரை மணி நேர வேலை. மூடியுள்ள கண்ணாடி ஜாடியோ நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதை வீட்டுப் புழக்கத்துக்கு எடுக்கவே கூடாது. கையுறை, முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் செய்யுங்கள். டேங்கில் ஊற்றப்போகும் அதே தண்ணீரில் அரை லிட்டர் முதலில் ஊற்றுங்கள். கேன் தண்ணீரில் சோதித்துவிட்டு போர் தண்ணீரில் கலந்தால் சோதனைக்கே பொருளில்லை.

10 லிட்டருக்கு 20 மில்லி என்றால் 1 லிட்டருக்கு 2 மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சால் அளக்கலாம். தூளில் 2 கிராம் நிறுப்பது கடினம். 20 கிராமைத் தண்ணீரில் குழைத்து 100 மில்லியாக்கி, நன்றாகக் கலக்கியபடியே அதில் 10 மில்லி எடுத்தால் கணக்குச் சரியாக வரும்.

ஊற்றும் வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். லேபிளில் மருந்தின் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். முதலில் டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி. என்று முடியும் தூளும் குருணையும். அவை முழுதும் கரைந்து பரவிய பிறகு நுண்தூள் மிதக்கும் கெட்டித் திரவமான எஸ்.சி.; அதன்பின் எண்ணெய்த்தன்மையுள்ள இ.சி.; பிறகு தண்ணீரில் முழுதும் கரையும் எஸ்.எல்.; கடைசியாக, மருந்தை இலையில் ஒட்ட வைக்கும் திரவம். இ.சி. முதலில் விழுந்தால் அதன் எண்ணெய் தூளைச் சுற்றிப் படிந்து பிசுபிசுத்த கட்டியாகிவிடும். டேங்கில் அது நாசிலை அடைக்கும். இரண்டு மருந்துகளைத் தண்ணீர் சேர்க்காமல் நேரடியாக ஒன்றோடொன்று கலப்பது எப்போதும் கூடாது.

மீதித் தண்ணீரை ஊற்றி 1 லிட்டராக்கி, மூடிக் குலுக்கி, 15 முதல் 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். பால் திரிந்தது போலத் துணுக்கு விட்டால், கூழாகக் கெட்டிப்பட்டால், மேலே எண்ணெய் தனியாக மிதந்தால், பாட்டில் தொட்டால் சூடாக இருந்தால் கலக்காதீர்கள். அடியில் லேசாக வண்டல் தங்கி, குலுக்கியதும் பரவிவிட்டால் பயமில்லை; டேங்கைக் கலக்கிக்கொண்டே அடிக்கலாம். யூரியா சேர்த்தால் தண்ணீர் குளிரும், அது இயல்பு. சோதித்த தண்ணீரை வாய்க்காலில் கொட்டாமல் அந்தப் பயிர் மேலேயே தெளித்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் கேட்டை மட்டுமே பாட்டில் காட்டும். தண்ணீரின் கார அமிலத் தன்மை (பி.ஹெச்.) 8-க்கு மேல் இருந்தால் மாலத்தியான், டைமெத்தோயேட் போன்ற பூச்சிமருந்துகளும் கேப்டான் என்ற பூஞ்சைக்கொல்லியும் சத்தமில்லாமல் சிதைந்துபோகும். கலவை பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் பூச்சியும் சாகாது, நோயும் நிற்காது. 'மருந்து போலி' என்ற புகார்களில் சிலவற்றுக்குத் தண்ணீர்தான் காரணம். பி.ஹெச். தாள் விலை குறைவுதான், ஒரு கட்டு வாங்கி வையுங்கள். சிட்ரிக் அமிலம் சேர்த்து 6, 7-க்குக் கொண்டுவரலாம். ஆனால் தாமிர மருந்துக்கு அமிலம் சேர்க்கவே கூடாது. தாமிரம் அதிகமாகக் கரைந்து இலை கருகும். கலந்ததை அன்றே அடித்து முடியுங்கள். மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

பாட்டில் காட்டாத இன்னொன்று இலைக் கருகல். இரண்டு மூன்று இ.சி. சேர்ந்தால் அவற்றின் கரைப்பானே இலை ஓரத்தைச் சுடும். கந்தகமும் எண்ணெயும் சேரவே கூடாது. வேப்பெண்ணெய் அடித்த வயலில் கந்தகம் அடிக்கக் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். புதிய கலவை என்றால் ஐந்தாறு செடிகளில் மட்டும் அடித்து இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு வயலில் இறங்குங்கள்.

பயிர் நோயைத் தடுக்கப் பயன்படும் சூடோமோனாஸ் பாக்டீரியா, டிரைக்கோடெர்மா பூஞ்சை இரண்டும் உயிருள்ளவை. சூடோமோனாஸோடு தாமிர மருந்தையோ, டிரைக்கோடெர்மாவோடு கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியையோ சேர்த்தால் காசு கொடுத்து வாங்கிய உயிரை நாமே கொல்கிறோம். 10 முதல் 15 நாள் இடைவெளி வேண்டும்.

உரத்திலும் இதே கதைதான். கால்சியம் நைட்ரேட்டை மெக்னீசியம் சல்பேட்டோடு அடர்த்தியாகக் கரைத்தால் ஜிப்சமாகப் படியும், சொட்டுநீர்க் குழாய் அடைபடும். நெல்லுக்கு 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டோடு 1 சதவீத யூரியா சேர்த்துத் தெளிக்கலாம். அது பரிந்துரையிலேயே உள்ள சேர்க்கை.

கடைசியாக, லேபிளில் வேதிப்பெயரைப் படியுங்கள். புரோஃபெனோஃபாஸ் 40 சதவீதமும் சைபர்மெத்ரின் 4 சதவீதமும் கலந்த இ.சி. கம்பெனியிலேயே கலந்து, 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவாகி வருவது. லாம்ப்டா சைஹாலோத்ரினும் சைபர்மெத்ரின் வகைதான்; அதையும் இதோடு ஊற்றினால் ஒரே வகை மருந்தை இரண்டு முறை வாங்கியதாகிறது. இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்ஸம் இரண்டும் அப்படித்தான், ஒரே குடும்பம். அவை பாட்டிலில் திரியாது, சூடாகாது. ஆனால் செலவு இரட்டிப்பாகும், பூச்சிக்கு எதிர்ப்புத்திறனும் வளரும்.