தோட்டத்தில் எறும்புத்தின்னி வந்தால்: 48 மணி நேர விதியில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் கண்ணில் எறும்புத்தின்னி பட்டால், தள்ளி நின்று அவசர எண் 112க்குப் போன் செய்வதோடு அவர் வேலை முடிந்தது. அழுங்கு என்று சொல்வதும் இதைத்தான். ஆள் அரவம் கேட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பல் கிடையாது, கடிக்காது. அதனால்தான் இரக்கப்பட்டவர்களும் காசுக்கு ஆசைப்பட்டவர்களும் ஒரே மாதிரி சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். வழக்கு இரண்டு பேருக்கும் வருகிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணை விலங்கு, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது. பிடித்தாலும் விற்றாலும் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

செதிலுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று போனில் பேசும் புரோக்கரை நம்பாதீர்கள். செதில் வெறும் கெரட்டின், நம் நகத்தில் இருக்கும் அதே பொருள்தான். வாங்க வருகிற ஆளே வனத்துறை அனுப்பியவராக இருப்பதும் நடக்கிறது. கடத்தலில் பெரிய பணம் பார்ப்பவன் எங்கோ இருப்பான். கையில் சாக்கோடு நிற்பவர் கூலிக்காரர். "வச்சிருக்கச் சொன்னாங்க, வச்சிருந்தேன்" என்ற பதில் எடுபடாது. உங்களிடம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், அது சட்டவிரோதம் இல்லை என்று காட்டும் பொறுப்பு 57ஆம் பிரிவின்படி உங்கள் தலையில்.

தாத்தா காலத்துச் செதில், தோல் பரணில் கிடக்கிறதா? அதுவும் அதே சிக்கல்தான். அரசிடம் கணக்குக் காட்டக் கொடுத்த கடைசி வாய்ப்பு 2003லேயே முடிந்துவிட்டது. இப்போது "சர்டிபிகேட் வாங்கித் தாரேன்" என்று பணம் கேட்பவன் ஏமாற்றுக்காரன். செதிலைப் பற்றிப் பேச வேண்டிய ஆள் வக்கீல்.

எப்படியோ விலங்கு உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. அலைக்கழிப்பு தொடங்குவது இங்கேதான். வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் "இது எங்க லிமிட் இல்ல" என்பார்கள். காவல் நிலையத்தில் "பாரஸ்ட் கேஸ், அங்க போங்க" என்பார்கள். நடுவில் கடிகாரம் ஓடுகிறது. சட்டத்தில் இருப்பது "அருகிலுள்ள காவல் நிலையம் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலர்". ஆகவே காவல் நிலையம் தட்டிக்கழிக்க முடியாது. வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். கண்ட இடம், நேரம் எழுதி மனுவாகக் கொடுத்து மனு ரசீது கேளுங்கள். தர மறுத்தால் அதே மனுவை அன்றைக்கே ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புங்கள். முதலிலேயே 112க்கு அடித்திருந்தால் அழைப்புப் பதிவும் கையில் இருக்கும்.

வண்டியில் அடிபட்டுக் கிடந்தாலும் ஆட்டோவில் ஏற்றாதீர்கள். நாயையும் கூட்டத்தையும் விலக்கிவிட்டு அங்கேயே காத்திருங்கள். கையில் தூக்கிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிற பையன்களைத் தடுத்து நிறுத்துங்கள்; அந்தப் படமே சாட்சியாகும்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது. வன அதிகாரியிடம் கொடுப்பதற்கும் அதே பாதுகாப்பு இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் கெடுகிறார்கள். "கையெழுத்துப் போட்டா விட்டுருவோம்" என்ற பேச்சுக்கு எந்த மதிப்பும் இல்லை. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. வீட்டிலிருந்து யாராவது இலவச சட்ட உதவி எண் 15100க்கு அடித்தால் போதும், வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம்.