பத்து வருஷமா இதேதான் போடுறேன் டாக்டர்!

தலைக்குச் சாயம் பூசி முகம் வீங்கி வருகிறவர்கள் அநேகமாக முதலில் சொல்வது இதைத்தான்: "பத்து வருஷமா இதே பாக்கெட்தான் டாக்டர். ஒரு தடவைகூட ஒண்ணும் ஆனதில்ல." அதனால் சாயத்தின் மேல் அவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. பழி முழுக்க முந்தின நாள் சாப்பிட்ட கருவாட்டின் மேலும் கத்திரிக்காயின் மேலும்தான் விழும்.

தோல் மருத்துவராக நான் அதிகம் பேச வேண்டியிருப்பதும் இதைப் பற்றியே. தோலில் படும் பொருளால் வரும் ஒவ்வாமை, பல வருடம் பழகிய பொருளுக்கும் வரும். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் பொருளை எதிரியாகக் குறித்துக்கொள்ளும் வரை எதுவும் தெரியாது. சிலருக்கு அது சில வாரத்தில் நடக்கும், சிலருக்கு இருபது வருடம் கழித்து. ஒருமுறை நடந்துவிட்டால், அதன்பின் பெரும்பாலும் ஆயுசுக்கும் அந்தப் பொருள் ஒத்துக்கொள்ளாது.

கால இடைவெளியும் ஆளை ஏமாற்றும். இறால், வேர்க்கடலை ஒவ்வாமை சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பொதுவாகத் தெரிந்துவிடும். தோலில் பட்டு வருவது ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை சாயம் பூசியவருக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் இமை திறக்காது. இடையில் சாப்பிட்டதையெல்லாம் சந்தேகப்பட்டு, சாயத்தை மட்டும் விட்டுவிடுவார்.

கருப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது பாரா-ஃபினைலீன்டையமின், சுருக்கமாகப் பிபிடி. பூசுவது தலையில் என்றாலும் தலைத்தோல் தடிமனானது, அதிகம் காட்டிக்கொள்ளாது. இமை, காதுமடல், நெற்றி ஓரம், பின்கழுத்து இங்கெல்லாம்தான் வீங்கி நீர் வடியும். 'அமோனியா இல்லை' என்ற அட்டையை நம்பி வாங்குகிறார்கள். அமோனியா வேறு, பிபிடி வேறு. 'ஹெர்பல்' என்று விற்கும் பொடிகளிலும் பிபிடி கலந்திருப்பதுண்டு. மருதாணி தனியாகக் கருப்பைத் தராது, செம்பழுப்பைத்தான் தரும். கருப்பு மருதாணி என்று யாராவது கையில் வரைய வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு நிச்சயமாக வேண்டாம். திருவிழாவில் கையில் வரைந்த கோலத்தோடு ஆரம்பிக்கிற ஒவ்வாமை, பின்னாளில் முதல் தடவை தலைக்குச் சாயம் பூசும்போது முகத்தில் வெடிக்கும்.

சாயம் பூசியே ஆகவேண்டும் என்றால், கலந்த சாயத்தில் ஒரு சொட்டை முழங்கை மடிப்பின் உட்புறம் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பாக்கெட்டைத் தொடாதீர்கள். போன மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த மாதத்துக்கு உத்தரவாதம் ஆகாது. ஏற்கெனவே ஒருமுறை வீங்கியவர்கள் இந்தச் சோதனையைக்கூடச் செய்ய வேண்டாம். கலப்படமில்லாத மருதாணியும் அதன்மேல் அவுரிப் பொடியும் அவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். சாயம் பூசியதுமே உடம்பெங்கும் தடித்து மூச்சு திணறினால் அது வேறு ரகம். அப்போது காத்திருக்கக் கூடாது, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது கவரிங் நகை. காதுமடலில் புண் ஆறவே மாட்டேன் என்கிறது என்று ஒரு அம்மா வந்திருந்தார். கம்மலைக் கழற்றச் சொல்லி, டைமெதில்கிளையாக்சைம் என்ற மருந்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். பஞ்சு ரோஸ் நிறமாக மாறியது, கம்மலில் நிக்கல் என்ற உலோகம் இருப்பதற்கு அதுதான் அடையாளம். "இதுதாம்மா நிக்கல்" என்று காட்டினேன். அதன்பிறகுதான் தொப்புளுக்குக் கீழே ஒரு கருத்த திட்டு இருப்பதைச் சொன்னார். புடவையில் குத்தும் ஊக்கு உரசும் இடம் அது. பையன்களுக்கு அதே இடத்தில் ஜீன்ஸ் பட்டன் அந்த வேலையைச் செய்யும். காது குத்தும்போது மலிவான கம்மலைப் போட்டு விடாதீர்கள், புதிய ஓட்டை வழியாக நிக்கல் உள்ளே போவதுதான் பலருக்கு ஆரம்பம்.

ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றியில் வட்டமாக அரிப்பு வரும், சிலருக்கு அந்த இடம் வெளுத்துவிடவும் செய்யும். வெண்புள்ளி நோய் என்று பயந்து வருவார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் கையைப் புண்ணாக்கும் ஓட்டு எண்ணெயும், சேராங்கொட்டைப் பாலும், மாங்காய்ப் பாலும் ஒரே குடும்பத்து மரங்களுடையவை. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதிலும் கவனம் தேவை. பார்த்தீனியம் என்ற களைச்செடி கையில் பட வேண்டும் என்றுகூட இல்லை, காய்ந்து தூளாகிக் காற்றில் வந்தாலே போதும்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கப் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் பொருட்களை வைத்து முதுகில் ஒட்டுவோம். இரண்டு நாள் முதுகை நனைக்கக் கூடாது. எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஓரிரு நாள் கழித்தும் பார்ப்போம். வலியில்லை, ஊசியில்லை. ஆனால் பலர் ஆயிரக்கணக்கில் செலவு செய்து ரத்தத்தில் அலர்ஜி பேனல் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த வகை ஒவ்வாமையை அந்த ரத்தப் பரிசோதனை காட்டாது. அதில் வந்த பட்டியலை நம்பி முட்டையையும் பாலையும் நிறுத்திய குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்காது.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் க்ரீமைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு க்ரீம் நல்ல மருந்துதான், சரியான வீரியத்தில் சில நாள் பூசினால் வீக்கம் வடியும். அதையே மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும். படர்தாமரையை ஒவ்வாமை என்று நினைத்துப் பூசினால் அது உடம்பெல்லாம் பரவும். காரணமான பொருள் தொடர்ந்து பட்டுக்கொண்டிருந்தால் எந்த க்ரீமும் நிலைக்காது.

பொருளை விட்டுவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட முடிவதில்லை. சிமெண்டில் உள்ள குரோமியம் ஒத்துக்கொள்ளாத கொத்தனாருக்கு அதுதான் சோறு. அவர் கலவையை வெறுங்கையால் அள்ளாமல், உள்ளே பருத்தியும் வெளியே பிளாஸ்டிக்கும் உள்ள கையுறை போடலாம். ரப்பரே சிலருக்கு ஆகாது என்பதால்தான் பிளாஸ்டிக் என்கிறேன். கையுறைக்குள் கலவை போய்விட்டால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். கையை மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கத்தை விட்டு, தண்ணீரில் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவலாம். கையுறைக்கான காசை மேஸ்திரியோ வீடு கட்டுகிறவரோ கொடுத்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை.