வெடுக்கைப் பிடிக்கும் தேசிக்காய்

திருகோணமலையின் மீன்பிடித் துறைமுகமான கொட்பேயில் விடியற்காலை கரையேறும் அறக்குளாவை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். கடல் வாசம் இருக்கும், வெடுக்கு இருக்காது. அதே மீன் ஐஸ் இல்லாமல் மத்தியானம் வரை கிடந்தால் ஒழுங்கை முனையிலேயே தெரிந்துவிடும்.

கடல் மீனின் தசையில் ட்ரைமெதைலமைன் ஒட்சைட்டு என்றொரு சேர்வை இருக்கிறது. நடுவில் ஒரு நைதரசன் அணு, அதோடு மூன்று மெதைல் கூட்டங்கள், ஓர் ஒட்சிசன். இதற்கு மணமே இல்லை. உப்புக் கடலில் மீனின் உடம்பு நீரை இழக்காமல் பார்த்துக்கொள்ளவும், ஆழத்து அழுத்தத்தில் புரதங்கள் உருக்குலையாமல் தாங்கவும் இது உதவுகிறது. ஆழம் கூடக்கூட மீனில் இதன் அளவும் கூடும். கொட்டியாரக் குடா வாயிலிருந்து கிடுகிடுவென்று இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் மீன்களில், கரையோரத்து மீன்களைவிட இது அதிகம் இருக்கும். கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவில் மிகக் குறைவு. அதன் மண்வாசம் வேறு கதை.

மீன் செத்த பிறகு பற்றீரியாக்கள் பெருகுகின்றன. சுவாசிக்க ஒட்சிசன் போதாதபோது அவை இந்தச் சேர்வையின் ஒட்சிசனைக் கழற்றிப் பயன்படுத்துகின்றன. மிஞ்சுவது ட்ரைமெதைலமைன். அதன் கொதிநிலை சுமார் 3 பாகை செல்சியஸ்தான். எங்கள் ஊர் வெயிலில் அது காற்றில் ஏறக் கேட்கவா வேண்டும்? கொஞ்சம் ஏறினாலே மூக்கு பிடித்துவிடும்.

சரி, தேசிக்காய்ப் புளி பட்டதும் ஏன் அடங்குகிறது? ஒட்சிசன் போன இடத்தில் நைதரசனிடம் ஒரு சோடி இலத்திரன்கள் பிணைப்பில்லாமல் நிற்கின்றன. அமிலத்திலிருந்து வரும் ஐதரசன் அயன் அந்தச் சோடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே மூலக்கூறு மின்னேற்றம் பெற்று உப்பாகிவிடுகிறது. உப்பு காற்றில் ஏறாது, தண்ணீரில் கரையும், கழுவினால் போய்விடும். பழப்புளியும் வினாகிரியும் செய்வது இதையேதான். வெறும் சவர்க்காரத்தால் கை கழுவினால் வெடுக்கு லேசில் போகாததற்கும் இதுவே காரணம்: சவர்க்காரம் காரம், அது இந்த உப்பை உண்டாக்காது.

சுறா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் தசையில் யூரியாவே நிறைய உண்டு. வயலுக்கு மூட்டையாக வருகிற அதே யூரியா. எடையில் 46 சதவீதம் நைதரசன். உயிரினங்களின் உடம்பில்தான் உருவாகும் என்று நம்பப்பட்ட இதை 1828இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் வோலர் ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டினார். யூரியா அதிகமானால் புரதங்களைக் குலைக்கும். சுறாவில் அதைச் சமன்செய்வது மேலே சொன்ன ஒட்சைட்டுதான். சுறா செத்ததும் பற்றீரியாவின் நொதியம் யூரியாவை அமோனியாவாக உடைக்கிறது. சட்டி மூடியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் அந்த நெடி இதுதான். சுறா வறைக்கு மீனை அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டு, சதையைப் பிழிந்து உதிர்க்கிறார்களே, தண்ணீரில் எளிதாகக் கரையும் யூரியா அதோடு வெளியேறிவிடும். என் கணக்கில் இதுவே சமையலறையின் அருமையான இரசாயனம்.

ஆனால் தேசிக்காய் மணத்தை அடக்குகிறதே தவிர, பழுதான மீனை நல்லதாக்குவதில்லை. சூரை மீனில் மணத்தை மட்டும் நம்பினால் ஆபத்தாகவே முடியலாம். அதன் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. வெப்பத்தில் கிடந்தால் சில பற்றீரியாக்கள் அதிலிருந்து காபனீரொட்சைட்டை நீக்கி ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அதுவும் நைதரசன் சேர்வைதான், ஆனால் வெடுக்கு வீசாது. மீன் நன்றாகத்தான் இருக்கிறது என்று சாப்பிட்டவருக்குச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, தோல் தடிக்கும். "சூரை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். படகில் பிடித்த உடனே ஐஸில் போட்டால் பற்றீரியாவின் வேலை மந்தமாகும். ஹிஸ்டமின் உருவான பிறகு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழிவதில்லை.