‘பதிவுச் சிட்டை’ வேண்டாம், ‘வெளியீட்டகம்’ இருக்கிறது

பாட்டுகளைத் தட்டாக்கி வெளியிடும் நிறுவனத்தை ஆங்கிலத்தில் ரெக்கார்டு லேபிள் என்பார்கள். அதற்குப் ‘பதிவுச் சிட்டை’ என்று எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இங்கிலாந்தின் மின்னணு இசை நிறுவனமான வார்ப்பைப் பற்றி ‘வார்ப், ஒரு சுதந்திரப் பதிவுச் சிட்டை’ என்கிற மாதிரி வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. சுதந்திரம், பதிவு, சிட்டை மூன்றும் தனித்தனியே தெரிந்த சொற்கள்தான். சேர்த்துப் படித்தால் பட்டா, சிட்டா, அடங்கலோடு தாலுகா ஆபீசில் வாங்கும் காகிதம் போல இருக்கிறது.

லேபிள் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். முதலில் துணிக்கீற்று, நாடா என்று பொருள், பிறகு ஒட்டுச்சீட்டு. கிராமபோன் தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரின் தொடக்ககால இசைத்தட்டுகளில் பாட்டின் பெயரைத் தட்டின் மேலேயே பொறித்தார்கள். 1900 வாக்கில் தட்டின் நடுவில் வட்டக் காகிதம் ஒட்டும் பழக்கம் வந்தது. அதில் நிறுவனத்தின் பெயரும் சின்னமும் இருந்ததால், நாளடைவில் காகிதத்தின் பெயரே நிறுவனத்துக்கும் ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர்.

சிக்கலே அங்கேதான். ஆகுபெயர் ஒரு மொழியின் புழக்கத்தில் தானாக விளைவது. அடிப்பொருளை மட்டும் பெயர்த்தால் ஆகிய பொருள் கூடவே வராது. தமிழில் சிட்டை என்றால் கணக்குக் குறிப்பு, துண்டுச்சீட்டு. பாட்டு வெளியிடும் நிறுவனத்தை இங்கே யாரும் சிட்டை என்று சொன்னதில்லை. ரிக்கார்டு கம்பெனி, கேசட் கம்பெனி, ஆடியோ கம்பெனி என்றுதான் சொன்னார்கள். ‘பதிவு முத்திரை’ என்பதும் இதே கோளாறுதான். முத்திரை குத்துபவர் யார், பாட்டை வெளியிடுபவர் யார்?

‘ஒலிப்பதிவு நிறுவனம்’ என்பார்கள் சிலர். கேட்க நன்றாக இருக்கிறது, பொருள்தான் தவறு. அது ஸ்டுடியோவைக் குறிக்கும். மின்னணு இசையில் இந்த வேறுபாடு மிக முக்கியம், ஏனென்றால் அந்த இசையில் நிறைய வீட்டு அறையில் உருவானது. மின்னணு இசைக் கலைஞர் ஏபெக்ஸ் ட்வின் வீட்டிலேயே செய்து முடித்த இசையை வார்ப் வெளியிட்டது. பதிவு செய்தது அவர். தட்டாக்கி, உறை போட்டு, கடைக்கு அனுப்பியது வார்ப்.

வார்ப்பின் தொடக்கத்தைப் பார்த்தாலே அதன் வேலை என்ன என்பது விளங்கிவிடும். 1989இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஸ்டீவ் பெக்கெட், ராப் மிட்செல், ராபர்ட் கார்டன் மூவரும் தொடங்கினார்கள். முதல் வெளியீடு ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ் குழுவின் தட்டு. வரிசை எண் வாப் 1. அடித்தது 500 பிரதி. பணம், தொழில் தொடங்குவோருக்கான அரசு உதவித்தொகை. இரவல் காரில் போட்டுக் கடை கடையாகக் கொடுத்தார்கள். ஊதா நிற உறையை வடிவமைத்தது அதே ஊரின் டிசைனர்ஸ் ரிபப்ளிக் என்ற வடிவமைப்பு நிறுவனம். தேர்ந்தெடுப்பது, அச்சிடுவது, உறை போடுவது, விற்பது: இதையெல்லாம் புத்தகத்துக்குச் செய்தால் பதிப்பகம் என்கிறோம். இசைக்குச் செய்தால் வெளியீட்டகம். ‘இசைப் பதிப்பகம்’ என்று வைக்கக் கூடாதா என்றால், கூடாது. பாடலின் மெட்டு, வரி உரிமைகளைக் கவனிக்கும் மியூசிக் பப்ளிஷிங் வேறு தொழில். அந்தப் பெயர் அதற்குத் தேவைப்படும். இசை வெளியீட்டு விழா என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, அப்புறம் வெளியீட்டகம் மட்டும் எப்படி அந்நியமாகும்?

சிட்டைக்கும் ஓர் இடம் உண்டு, மறுக்கவில்லை. நடன மன்றங்களின் டிஜேக்களுக்கு முன்கூட்டியே அனுப்பும் தட்டுகளில் நடுக்காகிதம் வெறுமையாக இருக்கும். பெயரைக் கையால் எழுதியிருப்பார்கள், அல்லது ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருப்பார்கள். அதற்கு வைட் லேபிள் என்று பெயர். அதை வெள்ளைச் சிட்டை என்று தாராளமாகச் சொல்லலாம். அங்கே பேசப்படுவது காகிதம்.

அடுத்தது ‘சுதந்திர’. இண்டிபெண்டண்ட் என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். இங்கே பேச்சு விடுதலையைப் பற்றியதல்ல, உடைமையையும் விநியோகத்தையும் பற்றியது. யுனிவர்சல், சோனி, வார்னர் போன்ற பெருநிறுவனங்களுக்குச் சொந்தமில்லை என்பதே பொருள். டேனியல் மில்லர் 1978இல் தொடங்கிய மியூட் என்ற வெளியீட்டகத்தை 2002இல் இ.எம்.ஐ. என்ற பெருநிறுவனம் வாங்கியது. அதன் பிறகும் எந்த இசையை வெளியிடுவது என்று முடிவு செய்தவர் மில்லர்தான். அவருடைய சுதந்திரம் போகவில்லை. ஆனாலும் மியூட் இண்டிபெண்டண்ட் இல்லை. 2010இல் பிரிந்து வந்த பிறகுதான் மறுபடி அப்படி ஆனது. இந்தக் கதையைச் ‘சுதந்திர’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ‘சார்பற்ற’ என்றால் சிக்கலே இல்லை.

எலெக்ட்ரானிக் என்பதற்கு மின்னணு சரி. இலங்கையில் இலத்திரனியல் என்பார்கள், அதுவும் சரி. ‘மின்னிசை’ அழகான சொல்தான், ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரும் அதற்குள் வந்துவிடும்.

ஆக, வார்ப் மின்னணு இசைக்கான சார்பற்ற வெளியீட்டகம். மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆட்டெக்கர் என்ற இருவர் இசைக்குழுவைப் பற்றி எழுதும்போது ‘ஆட்டெக்கர் வார்ப் சிட்டையில் கையெழுத்திட்டனர்’ என்று எழுதாதீர்கள். ஆட்டெக்கர் வார்ப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டது என்று எழுதுங்கள்.