ட்ரோன் ஓட்டுபவர் சிக்கிக்கொள்ளும் இடங்கள்

“ரெண்டு கிலோவுக்குள்தானே, லைசென்ஸ் எதற்கு?” கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் பையன்களிடம் ட்ரோனை விற்பவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். பாதி உண்மை, மாட்டிவிடுவது மீதிப் பாதி.

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலான ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். அதற்கு மேல் 2 கிலோ வரை, வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே விலக்கு. கூலி வாங்கிக்கொண்டு மண்டபத்துக்கு மேலே பறக்கவிட்டால் அது வணிகம். எடை என்பது பேட்டரி, கேமரா எல்லாம் சேர்த்து. மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் ட்ரோன் 2 கிலோவைத் தாண்டிவிடும். சொந்தத் தோப்பென்றாலும் சான்றிதழ் கட்டாயம். மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

சான்றிதழிலும் ஏமாற்று உண்டு. காரிமங்கலத்தில் ஓர் இளைஞர் காட்டியது பளபளவென்று லேமினேட் செய்தது. பொன்னிற முத்திரை, மூன்று சின்னங்கள், “பயிற்சி நிறைவு” என்ற வாசகம். சான்றிதழ் எண் மட்டும் இல்லை! மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சி நிலையம், அரசுத் தளத்தின் வழியாகத் தருவதுதான் செல்லும். பணம் கட்டும் முன்பே நிலையத்தின் பெயர் டி.ஜி.சி.ஏ. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 10ஆம் வகுப்புத் தேர்ச்சியும் 18 முதல் 65 வயதும் போதும். பாஸ்போர்ட் இல்லையென்று திருப்பி அனுப்பினால் ட்ரோன் விதிகளின் 2023 திருத்தத்தைக் காட்டுங்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஏற்கத்தக்கவை.

பழைய ட்ரோன் வாங்குகிறவர்கள் பதிவு எண்ணைத் தம் பெயருக்கு மாற்றாமல் பணம் கொடுக்காதீர்கள். மூன்றாம் நபர் காப்பீட்டையும் மறக்க வேண்டாம்.

இனி அலைச்சல். பறக்கத் தடையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி தேவையில்லை. ஆனாலும் காவல் நிலையத்தில் கேட்டால் எஸ்.பி. அலுவலகம் என்பார்கள், அங்கே போனால் கலெக்டர் அலுவலகம், அங்கிருந்து மறுபடி காவல் நிலையம். எழுத்தில் மட்டும் யாரும் பதில் தரமாட்டார்கள். மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தை அன்றன்றைக்கே பார்த்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய அச்சு உதவாது: அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலத்தைத் தற்காலிகமாக ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால் ஓசூர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ட்ரோனைப் பறிமுதல் செய்தால் வரிசை எண்ணோடு ரசீது கேளுங்கள். உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் அபராதம் விதிக்க விதியில் இடமில்லை. அந்த இடத்திலேயே ரொக்கமாகக் கேட்டால், எந்த விதியின் கீழ் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.